பானுப்ரியாவின் வண்டி குடித்த டீசல்

கோலியனூரில் காஸ் சிலிண்டர் போடுகிற ஆள் மற்ற வீடுகளில் சிலிண்டரை உள்ளே உருட்டிவிட்டுப் போய்விடுவார். பானுப்ரியாவின் வீட்டில் மட்டும் நேராகக் கொண்டுபோய் மல்லாட்டை மூட்டை நிறுக்கும் தராசின்மேல் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். எண் ஆடி நிற்கும்வரை இருவரும் பேசமாட்டார்கள். நின்றதும் அவள் தலையை ஆட்டுவாள், அவர் கிளம்புவார். முதல் இரண்டு வருடம் சண்டை போட்டுப் பார்த்து, பிறகு பழகிக்கொண்ட ஏற்பாடு அது.

ஊரில் அவளுக்குச் செக்போஸ்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்றே நினைத்தாள். செக்போஸ்ட் இருந்தால்தானே வண்டி ஒழுங்காகப் போகும்.

நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த அவள் மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரம் செய்தாள். சுற்றுப்பட்ட ஊர்களில் களத்திலேயே போய் வாங்கி, காயவைத்து, மூட்டை கட்டி, பழைய பிக்கப் வண்டியில் ஏற்றித் திண்டிவனத்து எண்ணெய் மில்லுக்கு அனுப்புவாள். திரும்பும்போது வண்டி புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு வரும். வண்டியை வாங்கியவன் அவள் கணவன் சீனுவாசன். வாங்கி, கொஞ்ச காலம் ஓட்டி, மஸ்கட்டில் டிரெய்லர் ஓட்டப் போய்விட்டான். போகும்போது வண்டியையும் வண்டியை ஓட்ட அந்தோணிசாமியையும் அவளிடம் விட்டுவிட்டுப் போனான்.

சந்தேகம் அவளுக்குப் பிறந்த வீட்டுச் சீதனம் என்று சீனுவாசன் கேலி செய்வான். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அவள் அப்பா அப்பாதுரை மயிலம் பக்கம் டிராக்டரில் கதிரடிக்கும் மிஷின் கட்டி ஊர் ஊராகப் போனவர். கூலியைத் தானியமாக அளந்து தருவார்கள். அளக்கிறவன் மரக்காலுக்குள் கட்டைவிரலை விட்டு அளப்பான், விரல் கொண்ட இடத்துக்குத் தானியம் குறையும். அந்த விரலைக் கண்டுபிடிக்க அப்பாதுரை மகளை உட்கார வைத்தார். கண் கொட்டாமல் பார்க்கிற பிள்ளை என்று அதற்குப் பெருமை வேறு. லீவு நாளில் சாயங்காலம் அளவுக்குக் காவல், பள்ளி நாளில் விடியற்காலையில் ஒரு சின்ன வேலை: டிராக்டர் காற்றிழுக்கும் குழாயின் வாயில் பழைய புடவைத்துணியை மடித்துக் கட்டுவது. கதிரடிக்கும்போது பறக்கிற சுணைத்தூசி இன்ஜினுக்குள் போகாமலிருக்க எல்லா மிஷின்காரர்களும் செய்கிற காரியம்தான். கட்டிவிட்டு அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவாள்.

பிக்கப் வண்டியிடமும் அவள் கண் கொட்டாமல்தான் இருந்தாள். முன்பொருமுறை திண்டிவனத்தில் நிறுத்தியிருந்த வண்டியில் யாரோ நல்ல பேட்டரியைக் கழற்றிக்கொண்டு செத்த பேட்டரியை வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து பானட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். சாவி தாலிக்கயிற்றில் ஊக்குகளோடு தொங்கியது. தினமும் காலையில் வண்டி கிளம்புவதற்கு முன் அவளே திறந்து ஆயில் பார்ப்பாள், தண்ணீர் ஊற்றுவாள், திரும்பப் பூட்டுவாள். டிரைவருக்கு அந்த வேலை இல்லை.

தை மாதம் விழுப்புரத்து மெக்கானிக் பச்சைமுத்து, ஏர் ஃபில்டரை மாற்ற வேண்டும் என்றார்.

"போன வருசம்தானே மாத்துனீங்க?"

"போன வருசம் சாப்ட்டோம்னு இந்த வருசம் சாப்டாம கீறமா? உளுந்து சீசன் வருது. ரோடெல்லாம் பரப்பிடுவாங்க. அந்தச் சுணையெல்லாம் உள்ள போவும்."

உளுந்து அறுத்ததும் செடியைத் தார்ரோட்டில் பரப்பிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். போகிற வருகிற பஸ்சும் லாரியும் மிதித்துக் கொடுக்கும், இவர்கள் ஓரமாக நின்று புரட்டிவிட்டு, கடைசியில் தூற்றி எடுத்துக்கொள்வார்கள். மல்லாட்டை வாங்கக் கிராமம் கிராமமாகப் போகிற வண்டிக்கு அந்த இரண்டு மாதம் சுணையிலேயே நீச்சல்தான். பச்சைமுத்து சொன்னது நியாயம். ஆனால் நியாயமாகப் பேசுகிற ஆளைத்தான் அவள் முதலில் சந்தேகப்படுவாள். வருடா வருடம் ஃபில்டர் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று தோன்றியது. அந்தக் கடைக்குப் போவதையே நிறுத்தினாள். பழைய ஃபில்டரைத் தரையில் தட்டித் திரும்பப் போட்டாள். அப்பாவின் டிராக்டர் நினைவு வந்தது. கிளிப்பச்சையில் கடுகு நிறக் கரை வைத்த தன் பழைய புடவையைக் கிழித்து, நாலாக மடித்து, ஃபில்டருக்குக் காற்றுப் போகிற வாயில் வைத்து, சைக்கிள் டியூப் கீற்றால் இறுக்கிக் கட்டினாள். தினமும் காலையில் பானட்டைத் திறக்கும்போது அந்தத் துணி கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்ப்பாள். இவ்வளவு அழுக்கும் உள்ளே போயிருக்குமே, நல்லவேளை என்று நினைத்துக்கொள்வாள்.

பங்குனியில்தான் டீசல் கணக்கு உதைக்கத் தொடங்கியது.

அவள் கணக்கு எளிமையானது. டேங்கைக் கழுத்து வரை நிரப்புவது, ஓடிய தூரத்தைப் பார்ப்பது, மறுபடி கழுத்து வரை நிரப்புவது, எவ்வளவு பிடித்தது என்று பார்ப்பது. லிட்டருக்குப் பதினாலு கொடுத்துக்கொண்டிருந்த வண்டி பன்னிரண்டுக்கு வந்தது. பிறகு பத்துக்கு வந்தது. லோடு அதேதான். ரோடு அதேதான். டயரில் காற்றைப் பார்த்தாள், சரியாக இருந்தது. வண்டி நிற்கிற இடத்தில் இரவெல்லாம் அட்டை விரித்துப் பார்த்தாள், ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஒழுகாத டீசல் எங்கே போகும்?

அந்தோணிசாமிக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. புளியமரத்தைத் தாண்டி காலனியில் வீடு. நெல் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவர் தூங்கும்போது ஸ்டியரிங் பிடித்துக் கற்றுக்கொண்டவர். குடிக்கமாட்டார். வண்டி ஓட்டும்போது போன் எடுக்கமாட்டார். சீனுவாசன் மஸ்கட் போன நாளிலிருந்து ஒரு மூட்டைகூடக் குறைந்ததில்லை. இவ்வளவும் பானுப்ரியாவுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் கூர்ந்து பார்த்தாள். மரக்காலுக்குள் விரலை விட்டவர்களும் நல்ல மனிதர்களாகத்தான் இருந்தார்கள்.

டேங்க் மூடியையும் அதன் கொக்கியையும் சேர்த்து ஊதா நூலால் ஒரு சுற்றுச் சுற்றி, அவளுக்கு மட்டுமே தெரிந்த முடிச்சுப் போட்டாள். வண்டி திண்டிவனம் போய் வந்தது. முடிச்சு அப்படியே இருந்தது. டேங்கின் அடியில் டீசலை வடிக்கிற நட்டில் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துத் தடவினாள். குங்குமம் கலையவில்லை. வேறு யாராக இருந்தாலும் இதோடு விட்டிருப்பார்கள். பானுப்ரியாவோ, முடிச்சைக் கற்றுக்கொண்டுவிட்டாரோ என்று யோசித்தாள். மேலே எடுக்கவில்லை, கீழே எடுக்கவில்லை என்றால் டேங்குக்குள் போவதற்கு முன்னாலேயே எடுக்க வேண்டும். அப்படியென்றால் பங்க்கில்.

விழுப்புரம் போகிற வழியில் அவர்கள் வழக்கமாகப் போடுகிற பங்க்குக்கு ஸ்கூட்டியில் போனாள். காலை நேரம். லோடு வண்டிகள் வரிசையில் நின்றன. பம்ப் பக்கத்தில் கலைப்பிரியா நின்றிருந்தாள். சிரித்த முகம், ஆனால் யாருக்கும் அடங்காத வாய்.

"கலை, எங்க அந்தோணி அண்ணன் தனியா வரும்போது கேன்ல கீன்ல புடிக்கிறாரா?"

அவள் மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் பங்க்கில் மோட்டார் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய எல்லோருக்கும் காது கூர்மை.

"அந்தோணி பெருசா?" கலைப்பிரியா குழாயைப் பிடித்தபடியே திரும்பினாள். "இன்னாக்கா இப்பிடிக் கேக்கற? அவரு கைய துடைக்க துணி கேட்டாக்கூட ரெண்டு தடவ யோசிப்பாரு."

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கறதா இது?"

வரிசையில் நின்ற ஒரு டிரைவர் இன்னொருவரைப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் டிரைவர் தொழிலில் அது போதும். டீசல் எடுக்கிற ஆள் என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் சாவி கொடுக்க ஆள் கிடைக்காது. வேறு தொழில் கற்றுக்கொள்ளும் வயதைத் தாண்டிய மனிதருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அவள் அன்று ஸ்கூட்டியைத் திருப்பும்போது நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் லோடோடு அவளும் ஏறி உட்கார்ந்தாள். மில்லில் ஒரு வேலை இருக்கிறது என்றாள். அந்தோணிசாமி சீட்டில் கிடந்த துண்டை எடுத்து அவள் பக்கம் தூசி தட்டிவிட்டார். வண்டி விழுப்புரம் தாண்டி ஹைவேயில் ஏறியது. விக்கிரவாண்டிப் பாலத்தில் ஏறும்போது திணறியது. அவர் கியரைக் குறைத்தார். பக்கக் கண்ணாடியில் கரும்புகை சுருள் சுருளாகத் தெரிந்தது.

"வண்டி மூச்சு முட்டுதும்மா," என்றார். "முன்ன இந்தப் பாலத்த நாலாவது கியருல தாண்டுவோம். ஒரு தடவ பானட்ட தொறந்து பாத்துக்கலாமா?"

"நான் தினமும் பாத்துக்கினுதானே இருக்கேன்."

"நீங்க பாக்கறீங்க. நானும் ஒரு தடவ..."

"எதுக்கு?"

பானட்டைத் திறக்க எதற்கு இவ்வளவு அவசரம் என்று அவள் நினைத்தாள்.

அன்று அவளே பக்கத்தில் உட்கார்ந்து போய், அவளே பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். வண்டி கண்ணை விட்டு அகலவில்லை. மைலேஜ் அதே பத்து. டீசலை யாரும் எடுக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பானுப்ரியாவுக்கு மட்டும் அது வேறு மாதிரித் தெரிந்தது. அவள் கூட வருகிற நாளில் வேண்டுமென்றே கிளட்சை அரைவாசி மிதித்துக்கொண்டு ஓட்டி, டீசலை வீணாக எரித்து, கணக்கை ஒரே மாதிரி காட்டுகிறாரோ? அடுத்த நடைக்கும் ஏறினாள். கூட்டேரிப்பட்டிலிருந்து திண்டிவனம் வரைக்கும் அவருடைய இடது காலையே பார்த்துக்கொண்டு போனாள். கால் கிளட்சின்மேல் இல்லை, பக்கத்தில் தரையில் இருந்தது. பழைய ரப்பர் செருப்பு, கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்திருந்தது.

"கால்ல இன்னாம்மா பாக்கறீங்க?"

"நகம் பேந்திருக்கே."

"மூட்ட வுழுந்துச்சு," என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "உங்க மூட்டதான்," என்றார்.

அன்றிரவு சீனுவாசன் போனில் கூப்பிட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். "அவரப் போயி சந்தேகப்படாத பானு," என்றான். "எனக்கு வண்டி கத்துக்குடுத்ததே அவருதான். இன்ஜின்ல இன்னாவோ கீது, பச்சமுத்து கிட்ட காட்டு." பச்சைமுத்து பெயரைக் கேட்டதும் அவளுக்கு எரிச்சல் வந்தது. "நீ அங்க உக்காந்துகினு எல்லாரையும் நல்லவங்கன்னு சொல்லு. இங்க பாக்கறவ நான்," என்று வைத்துவிட்டாள்.

முடிவு ஒரு கேனில் வந்தது. ஒரு சாயங்காலம் புண்ணாக்கு இறக்கும்போது சீட்டுக்குப் பின்னால் நீல நிறக் கேன் ஒன்று அவள் கையில் பட்டது. மூடியைத் திறந்து முகர்ந்தாள். டீசல் வாசனை.

"இது இன்னாண்ணே?"

"கேனும்மா. லைன்ல காத்து அடைச்சுக்கினா பம்ப்புல ஊத்தி எடுக்கறதுக்கு. ஹைவேயில நின்னுட்டா யாரக் கேக்கறது? எல்லா டிரைவரும் வச்சிருப்பாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கேன் வாங்கறதெல்லாம் சொல்லணுமா?"

"டீசல் யாருது?"

அந்தோணிசாமி மூட்டையை இறக்கி வைத்தார். தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்தார். அவர் குரல் உயரவே இல்லை.

"டேங்குல நூல் கட்னீங்க. நட்டுல குங்குமம் வச்சீங்க. அடியில படுத்தப்பவே பாத்தேன், செவ்வாக்கிழம பூசைன்னு நெனச்சுக்கினு வுட்டுட்டேன். பங்க்குல போயி என்னப் பத்தி கேட்டீங்க. அதுவும் எங்காதுக்கு வந்துச்சு. இப்ப இந்தக் கேனு." சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துத் தராசின்மேல் வைத்தார். "நான் இல்லாம ஒரு நட ஓட்டிப் பாருங்கம்மா. அப்பவும் குடிச்சுதுன்னா யாரச் சொல்லுவீங்க?"

அவர் தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். சாவியின் எடைக்குத் தராசு எதையும் காட்டவில்லை.

புதிதாக வந்தவன் பிரவீன்குமார். வளவனூர்க்காரன், டாடா ஏஸ் ஓட்டிப் பழகியவன், வாயிலும் கையிலும் வேகம். அவனை அவள் முதல் நாளே தனியாக விடுவதாக இல்லை. லோடோடு ஏறிக்கொண்டாள். அவன் பாட்டுப் போட்டான், அவள் நிறுத்தினாள். விக்கிரவாண்டிப் பாலத்தில் வண்டி திணறியது. கரும்புகை வந்தது. பானுப்ரியா அவன் இடது காலைப் பார்த்தாள். கால் தரையில் இருந்தது.

கூட்டேரிப்பட்டு தாண்டி அவன் வண்டியை ஓரங்கட்டினான். "இன்னாக்கா வண்டி இது, கர்ப்பிணி மாதிரி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. பானட்டத் தொறங்க."

"இன்ஜின ஆப் பண்ணு."

"ஓடட்டும்க்கா. ஓடறப்பதான் நோவு தெரியும். ஜல்தி."

அவள் தாலிக்கயிற்றை வெளியே எடுத்துச் சாவியைக் கழற்றிப் பூட்டைத் திறந்தாள். பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தாள். இத்தனை நாள் ஒவ்வொரு காலையிலும் பார்த்த அதே இடம். ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

துணி உள்ளே போயிருந்தது. பல்லில்லாத கிழவியின் கன்னம் போலக் குழாயின் வாய்க்குள் குழிந்து, இழுத்துப் பிடித்து நடுங்கிக்கொண்டிருந்தது. சுணையும் பனி ஈரமும் ஆயிலும் சேர்ந்து அதன்மேல் அடை போல ஒட்டியிருந்தன. ஓர் ஓரத்தில் மட்டும் கடுகு நிறக் கரை கொஞ்சம் தெரிந்தது.

அவள் சைக்கிள் டியூப்பை இழுத்து அவிழ்த்தாள். துணி வர மறுத்தது. உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போலிருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பிய்த்து எடுத்தாள். இன்ஜின் ஒரு பெரிய மூச்சு இழுத்தது. சத்தமே மாறிப்போயிற்று. பிரவீன்குமார் ஓடிப்போய் ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டியின் பின்னால் புகை கொஞ்சம் கறுப்பாக வந்து, பிறகு வந்த இடம் தெரியவில்லை.

"அடப்பாவி!" என்று சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான். "புடவைய வச்சு மூக்க அடச்சிருக்கான்! யாருக்கா, அந்தப் பழைய டிரைவரா?"

பதில் ஒரே வார்த்தைதான். அது அவள் வாயில் இருந்தது. துணியைச் சுருட்டினாள்.

"வண்டிய எடு, மில்லு மூடிடுவாங்க," என்றாள்.

மில்லில் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போது அவள் வேப்பமரத்தடியில் நின்று அப்பாவுக்குப் போன் செய்தாள். அப்பாதுரைக்கு இப்போது காது மந்தம், குரல் மட்டும் குறையவில்லை.

"துணியா? ஆமா, கட்டுவோம். மதியானம் அவுத்து ஒதறுனியா?"

"மதியானமா?"

"கஞ்சி குடிக்க நிறுத்தறப்போ அவுத்து, சக்கரத்துல நாலு அடி அடிச்சு ஒதறி, தண்ணியில அலசி வேற துணி கட்டணும். இல்லன்னா இன்ஜின் எப்பிடி மூச்சு வுடும்? உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுப்பா."

"நீ பள்ளிக்கூடம் போயிருப்ப," என்றார் அப்பாதுரை. "எத்தினி நாளா கட்டி வச்சிருக்க?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

திரும்பும்போது வண்டி பாலத்தை நாலாவது கியரில் தாண்டியது. பங்க்கில் டேங்கை நிரப்பினார்கள். கலைப்பிரியாவிடம் பிரவீன்குமார் கதையை இறக்கி வைத்தான். "அந்தோணி பெருசு பண்ண வேலைய பாத்தியா? ஏர் ஃபில்டருக்குப் புடவ சுத்தி வச்சிட்டுப் போயிருக்காரு. வேற எவனும் இந்த வண்டிய ஓட்டக் கூடாதுன்னு."

"மெய்யாவா?" என்று கலைப்பிரியா கேட்டாள். அவனைப் பார்த்துக் கேட்கவில்லை, கேபினுக்குள் உட்கார்ந்திருந்த பானுப்ரியாவைப் பார்த்துக் கேட்டாள். பானுப்ரியா பம்ப்பில் ஓடுகிற எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மைலேஜ் பதிமூன்றைத் தாண்டியது, சந்தோஷம் வரவில்லை. சந்தேகப்பட ஆள் இல்லாத வீடு அவளுக்குப் புதிதாக இருந்தது. பச்சைமுத்து கடைக்குப் போய்ப் புது ஃபில்டர் போட்டுக்கொண்டாள். அங்கேதான் தெரியவந்தது. அந்தோணிசாமி விழுப்புரத்தில் ஒரு செங்கல் சூளைக்காரரிடம் வேலை கேட்டுப் போயிருக்கிறார். பேசி முடித்து, காலையில் வரச் சொல்லி, காலையில் போனபோது கேட்டிலேயே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம்.

"புடவ டிரைவர்னு பேர் வச்சுட்டானுங்க," என்றார் பச்சைமுத்து. "முன்ன டீசல் எடுத்தாருன்னாங்க, இப்ப இன்ஜின அடைச்சாருன்னு சொல்றாங்க. எனுக்கு நம்பிக்க இல்ல. உனுக்கு?"

அவள் துணியை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனாள். இத்தனை வருடத்தில் அந்தோணிசாமியின் வீட்டுக்கு அவள் போனதில்லை. வேண்டுமென்றால் போன் செய்வாள், அவர் வருவார். வீட்டு வாசலில் அவர் மனைவி மலர்விழி கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"வாங்க செக்போஸ்டு. வூட்ட சோதன போட வந்தீங்களா? அந்தாண்ட ரூம்ல ஒரு கேன் கீது, மண்ணெண்ண கேனு. மோந்து பாக்கறீங்களா?"

"அண்ணன் இருக்காரா?"

"வேல வெட்டி இல்லாத மனுசன் எங்க போவாரு?"

உள்ளிருந்து அந்தோணிசாமி வந்தார். நாற்காலியை எடுத்துப் போட்டார். மலர்விழி முறத்தை வைத்துவிட்டுப் போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். பானுப்ரியா வாங்கியதும், எப்போதும் எந்த வீட்டிலும் செய்வதுபோல, டம்ளருக்குள் ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்ல தண்ணிதான். நாங்களும் மனுசங்கதான் குடிக்கறோம்," என்றாள் மலர்விழி.

பானுப்ரியாவுக்கு முகம் சுட்டது. தன் தாயார் கொடுத்த தண்ணீரையும் அப்படித்தான் பார்ப்பேன் என்று சொல்லலாம். சொன்னாலும் இந்த வாசலில் அது வேறு மாதிரித்தான் கேட்கும். கடைசிச் சொட்டு வரை குடித்து டம்ளரை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

பிறகு துணியை எடுத்து விரித்தாள். இரண்டு முறை சோப்புப் போட்டுத் துவைத்தும் நடுவில் கறுப்பு வட்டம் போகவில்லை.

"என் புடவண்ணே. நான்தான் கட்டினேன். தை மாசத்துல. பச்சமுத்து ஏமாத்தறாருன்னு நெனச்சு."

அந்தோணிசாமி துணியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதத்தான் தினமும் காத்தால தொறந்து பாத்துக்கினு இருந்தீங்களா?"

"ஆமா."

"ஒண்ணும் தோணலையா?"

"நான் கட்டினதாச்சே," என்றாள்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்க. மலர்விழி சிரிக்கவில்லை.

"இன்னாய்யா சிரிப்பு? இந்தப் புடவைக்கு உம்பேர வச்சு ஊரே பேசுது. இந்தம்மா அங்க வாயத் தொறக்கல. இங்க வந்து தொறக்குது."

"தப்புதான்," என்றாள் பானுப்ரியா. "வண்டிக்கு வாங்கண்ணே. சாவி கொண்டாந்திருக்கேன்."

அந்தோணிசாமி சிரிப்பை நிறுத்திவிட்டுத் துணியை நான்காக மடித்தார்.

"வர்றேம்மா. வேற எங்க போவ முடியும், சொல்லுங்க. ஆனா இங்க சொன்னா இந்த முறத்துக்கும் எம்பொண்டாட்டிக்கும்தான் கேக்கும். எங்க கேட்டீங்களோ அங்க சொல்லுங்க. அதே நேரத்துல, வண்டிங்க நிக்கற நேரத்துல. அப்புறம் சாவி குடுங்க."

மறுநாள் காலை பங்க்கில் லோடு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பிரவீன்குமார்கூட வேறொரு வண்டியோடு நின்றான். அவனை முந்தின இரவே அவள் போனிலேயே வேலையிலிருந்து நிறுத்திவிட்டிருந்தாள், காரணம் சொல்லாமல். அந்தோணிசாமி பிக்கப்பின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வண்டியை அங்கே வரை அவளே தட்டுத் தடுமாறி ஓட்டி வந்திருந்தாள்.

அவள் கலைப்பிரியாவின் முன்னால் போய் நின்றாள். "அந்தோணி அண்ணன் டீசல் எடுக்கல. ஃபில்டருல புடவ கட்டினது நான்தான்."

"இன்னாக்கா?" கலைப்பிரியா காதில் கை வைத்தாள். "மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

கேட்டிருந்தது. எல்லோருக்கும் கேட்டிருந்தது. இருந்தாலும் பானுப்ரியா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மல்லாட்டைக் களத்தில் விலை கூவும் குரலில் சொன்னாள்.

"புடவ கட்டினது நான்! வண்டி மூச்சு முட்டி டீசல் குடிச்சது என்னால! அந்தோணி அண்ணன் ஒரு சொட்டு எடுக்கல! போதுமா?"

"எனுக்குப் போதும். பெருசுக்குப் போதுமான்னு கேளு."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. யாரோ, "பட்டுப் புடவையா நூல் புடவையாக்கா?" என்றார். இன்னொருவர், "செக்போஸ்டே சரக்கக் கடத்திடுச்சுடா," என்றார். பிரவீன்குமார் மட்டும் வேகமாக வந்தான்.

"அன்னிக்கு நான் கேட்டப்ப ஏங்க்கா சொல்லல? நான்தானே ஊர் பூரா சொல்லிக்கினு திரிஞ்சேன். இப்ப எம்மூஞ்ச எங்க வச்சுக்கறது?"

"வாய் வரலப்பா," என்றாள்.

அவன் அந்தோணிசாமியிடம் திரும்பி, "பெரிப்பா, மன்னிச்சுக்கோ," என்றான். அவர் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அது மன்னிப்பா, அடியா என்று சொல்ல முடியாத தட்டு.

பானுப்ரியா வண்டிச் சாவியை நீட்டினாள். பிறகு தாலிக்கயிற்றை எடுத்து, பானட்டுப் பூட்டின் சாவியைக் கழற்றி அதையும் நீட்டினாள். அவர் இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்து, வண்டியைப் பம்ப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

கலைப்பிரியா டேங்க் மூடியில் கை வைத்தாள். "இது இன்னாக்கா ஊதா நூலு?"

அன்று அவசரத்தில் அவள் அதை மறந்துவிட்டிருந்தாள். பிரவீன்குமார் கடைசியாக டேங்கை நிரப்பிக் கொண்டுவந்ததும் அவனுக்காகக் கட்டிய நூல். அந்தோணிசாமி கண்ணாடியில் பார்த்துவிட்டு ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பானுப்ரியா குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்து, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கலைப்பிரியா குழாயைச் செருகினாள். "அக்கா, ஜீரோ பாத்துக்கோ."

கேபினுக்குள்ளிருந்து அந்தோணிசாமியின் தோள் குலுங்குவது தெரிந்தது. வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு ஒருநாளாவது பார்க்காமல் இருக்கலாம் என்று அவள் மனசார நினைத்தாள். நினைத்துக்கொண்டே பம்ப்பின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஜீரோதான்.